படங்கை விட்டு எழுந்த நாய்

பசித்ததற்காக நான் வெட்கப்பட்ட ஒரு காலம் உண்டு. புருஷனைப் புதைத்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அண்ணி சுட்ட ரொட்டியின் வாசனைக்கு என் வயிறு சத்தம் போட்டது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்குக் கேட்டிருக்குமோ என்று கம்பளியைச் சுருட்டி வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டேன். போனவன் போனான், இவளுக்கு ரொட்டி கேட்கிறது பார் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். என்னைத் திட்டுவதற்கு எனக்கு ஒருநாளும் வெளி ஆள் தேவைப்பட்டதில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, அதன் பின்னாலேயே எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜா உரிமை போய், சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஒரு தை மாசத்துப் பனியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவருடைய தம்பி குடும்பமும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அண்ணன் வந்து, என்னையும் என் தகரப் பெட்டியையும் தலவாக்கலைக்கு மேலே, தன் கல்யாணத்துக்குப் பிறகு மாறிப்போயிருந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கேயும் ஒரே காம்பராதான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் அறைகளுக்குத்தான் லயம் என்று பேர். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்கு முன்னால் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அகலத்தில் இஸ்தோப்பு என்ற ஒரு திறந்த வராந்தா. மழை இஸ்தோப்புக்குள் அடிக்கும் என்பதால் அண்ணி அடுப்பை உள்ளே மூலையில் வைத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கே, சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனார். உள்ளே ஒரு சுவரோரம் அண்ணியும் சின்ன மகளும், மறு சுவரோரம் நான். கதவுக்கு வெளியே, அந்தப் பனியில் அண்ணன்.

எனக்காகத்தான் வெளியே போகிறார் என்று புரிந்துகொள்ள எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கும். அடக்கி அடக்கி இருமுவார். ஒவ்வோர் இருமலுக்கும் நான் போர்வைக்குள் சுருண்டேன். ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"அண்ணே, நீங்க உள்ள படுங்க. நா வெளிய படுத்துக்கிறேன்."

"பொம்பளப் புள்ள வெளிய படுக்கிறதா? போ புள்ள, போய்த் தூங்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

விடியுமுன் தப்படிப்பார்கள். பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, எல்லாரையும் எழுப்புகிற சத்தம் அது. அண்ணி எழுந்து தேத்தண்ணி வைப்பாள், ரொட்டி சுடுவாள், மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விடத் தயார்ப்படுத்துவாள். அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். தூங்கவில்லை என்று அவர்களுக்கும் தெரியும். என் பங்கு ரொட்டியைத் தட்டால் மூடி வைத்துவிட்டு அண்ணி போவாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

தனக்கு மேலே இருந்த தோட்ட அதிகாரி கண்டாக்கையாவுக்குப் பயந்து, கங்காணி ஒரு முறை இஸ்தோப்பில் நின்று அண்ணனிடம் சொன்னது உள்ளே கேட்டது. "வேல செய்யாத ஆள லயத்துல வச்சிருந்தா கண்டாக்கையா என்னையத்தான் கேப்பாரு. எத்தன நாளைக்கு?"

"ஒடம்பு தேறட்டும் கங்காணி. அப்புறம் அவளே வருவா" என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டு தின்ற இன்னொரு ஜீவனும் இருந்தது. ஒரு நாய். லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராவுக்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது விட்டுவிட்டுப் போனது. பூட்டிய கதவுக்கு முன்னால் சில நாள் கிடந்து பார்த்துவிட்டு, ஒரு மழையில் எங்கள் இஸ்தோப்புக்கு வந்து சேர்ந்ததாம். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. காலையில் ஆட்களோடு சேர்ந்து பெரட்டுக்குப் போய், வரிசைக்குப் பின்னால் உட்காரும். "இந்தத் தோட்டத்துல ஒரு நாளும் பிந்தி வராத ஆளு இது ஒண்ணுதான். செக்ரோல்ல பேர் போட்டுரலாமா?" என்று வேலையாட்களின் பேர்ப் பதிவைக் காட்டி, பிந்தி வருகிற பெண்களைப் பார்த்துக் கங்காணி கேட்பாராம். நானும் ஓசிச் சாப்பாடு, அதுவும் ஓசிச் சாப்பாடு. ஆனால் அது ஒருநாளும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டதில்லை.

அது படுப்பது அண்ணியின் படங்கின் மேல். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், பனி ஈரம் படாமலும் தேயிலைக் கிளை சேலையைக் கிழிக்காமலும் இருக்க, இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு அது. இஸ்தோப்பில் காயப்போட்டு வைப்பாள், நாய் அதைப் படுக்கையாக்கிவிடும். விடிகாலையில் அண்ணி குனிந்து படங்கின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பாள். அதட்டுவதில்லை, 'ஏய்' என்றுகூடச் சொல்வதில்லை. நாய் கண்ணைத் திறக்கும். தன் வயிற்றுக்குக் கீழே பார்க்கும். பிறகு எழுந்து, காலை ஒவ்வொன்றாகச் சாக்கை விட்டு எடுத்துவைத்து, வெறுந்தரையில் தள்ளி நின்றுகொள்ளும். அண்ணி படங்கை உதறிக் கட்டிக்கொள்வாள்.

கதவு திறந்திருந்த ஒரு காலையில் படுத்தபடியே இதைப் பார்த்தேன். தன் பாரம்தான் சாக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அந்த நாய்க்குத் தெரிந்திருந்தது. தான் என்று ஒன்று இருக்கிறது, அது இந்த இடத்தில் கிடக்கிறது, அதனால் இன்னொருவருக்கு இடைஞ்சல் என்பதெல்லாம் அதன் தலைக்குள் எப்படியோ ஓடியது. எனக்கு மளுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. இந்த வீட்டில் யார் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் அதன் மேல் நான் படுத்திருக்கிறேன், நாய்க்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லையே என்று தோன்றியது.

இன்னொரு காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அண்ணி வழக்கம்போல இழுத்தாள், நாய் எழுந்து தள்ளி நின்றது. படங்கு வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"இன்னும் என்னாத்தப் புடிச்சிருக்க, சனியனே?" என்று நாயைப் பார்த்து எரிந்து விழுந்தாள்.

நாய் தன் காலைப் பார்த்தது. கால் சாக்கில் இல்லை. அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. அண்ணி குனிந்து பார்த்தால், படங்கின் ஓரம் கதவு நிலையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியில் மாட்டியிருந்தது. "பாவம், அது மேல பழியப் போட்டேன்" என்று சிரித்து, ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்துப் போட்டாள். நாய் வாலை ஆட்டித் தின்றது. தன் குற்றம் எது, ஆணியின் குற்றம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. நானாக இருந்தால் அந்த ஆணிக்காகவும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்தக் கொட்டாவியை அன்றைக்கு நான் ஒழுங்காகக் கவனித்திருக்க வேண்டும். எழுந்து தள்ளி நின்றதை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டேன்.

எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போன பிறகு லயம் காலியாகிவிடும். பெரட்டு கலைந்ததும் நாய் திரும்பி வந்து, மூடிய கதவைச் சுரண்டும். அதற்கு ஒரு நாள் ஒழுங்கு இருந்தது. முதலில் பீலிக்கரைக்குப் போய், மூங்கில் பீலியிலிருந்து விழுகிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். பிறகு தொங்கல் காம்பராச் சுவரோரம் வெயில் விழுகிற இடத்தில் படுக்க வேண்டும். வெயில் நகர்ந்தால் அதுவும் நகரும். பிறகு கோயில் மரம்வரை ஒரு நடை போய் வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஏனோ கூட ஓர் ஆள் வேண்டும் என்று அது முடிவு கட்டியிருந்தது. கதவைத் திறக்கும்வரை சுரண்டல் நிற்காது.

முதல் நாள் நான் எழுந்தது துக்கம் ஆறியதால் இல்லை, அந்தச் சுரண்டல் தாங்காமல்தான். பீலிவரை போனேன். சும்மா போவானேன் என்று குடத்தை எடுத்துப்போனேன். வேலை முடிந்து வந்து அண்ணி தண்ணீருக்குப் போவதை நினைத்து உறுத்திக்கொண்டிருந்த மனசுக்கு அது கொஞ்சம் சமாதானம். மறுநாள் குடத்தோடு துணியும் எடுத்துப்போனேன். சுவரோர வெயிலில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் காயவைத்தேன். முதுகில் சூடு ஏறியபோது உடம்பு தானாகத் தளர்ந்தது. பிறகு கோயில் மரம்வரை நடந்தேன்.

இதற்கெல்லாம் ஒரு பெரிய பேர் இருப்பதாக எனக்குத் தெரியாது. நேரத்துக்கு எழுந்திருப்பது, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, வெயிலில் உட்காருவது, கொஞ்சம் நடப்பது, அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நாளில் பசித்தது. தூக்கம் வந்தது. ஒரு நாள் நாய் தன் வாலைத் தானே துரத்திச் சுற்றி விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த உடனே சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் மண்ணுக்குள் கிடக்கிறார், நான் வெயில் காய்கிறேன், சிரிக்கிறேன், ரொட்டிக்கு நாக்கைத் தொங்கப்போடுகிறேன். உடம்பு தேறத் தேற அந்தத் தேறுதலே ஒரு துரோகமாகத் தெரிந்தது. இருந்தும் மறுநாள் கதவைச் சுரண்டியதும் எழுந்து போனேன்.

ஒரு காலையில் தப்புச் சத்தத்துக்கு நானே எழுந்து, தகரப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த என் படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"பனியா இருக்கு. கம்பளியப் போட்டுக்க புள்ள" என்றாள்.

அண்ணன் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரட்டுக்குப் போகிற வழி முழுக்க எனக்கு முன்னால் கையை வீசி வீசி நடந்தார். சந்தோஷம் வந்தால் அவர் நடை அப்படித்தான். செக்ரோலில் என் பேர் ஏறியது.

வேலை பழகியது. ஆனால் வெளியே இருமல் நிற்கவில்லை. ஆனி, ஆடி மழையில் அது இன்னும் மோசமாயிற்று. ஈரக் காற்று இஸ்தோப்புக்குள் நேராக வந்து அடிக்கும், அண்ணன் சாக்கை மறைப்பாகக் கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் சுருண்டு கிடப்பார். அண்ணிக்கு அப்போது மாசம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளை பிறந்தால் எங்கே படுக்கவைப்பார்கள் என்றுதான் யோசிப்பேன். நான் ஒருத்தி இல்லாவிட்டால் அண்ணன் உள்ளே வந்துவிடுவார், பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். அண்ணனும் அண்ணியும் சில நாள் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுவார்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். எதைப் பற்றி என்று கேட்பானேன், எனக்குத்தான் தெரியுமே!

தலவாக்கலையில் நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்காரர் மனைவி, ஹட்டனில் தன் தங்கை வீட்டுச் சமையல்கட்டுக்கு ஒத்தாசையாக ஒரு பெண் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போகிறேன் என்றேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். படங்கை விட்டு எழுந்த நாய் யாரிடமாவது உத்தரவு கேட்டா எழுந்தது என்று எனக்குள்ளே ஒரு வீறாப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைக்குப் போய் வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். ஹட்டனில் இருக்கிறேன், தேட வேண்டாம் என்று கடைக்காரர் மூலம் பிறகு சொல்லியனுப்பினேன். நாய் பஸ் ரோடுவரை கூட வந்தது. பஸ் வரத் தாமதமாயிற்று. அதன் வெயில் நேரம் வந்ததும் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஹட்டன் வீட்டு அம்மா நல்ல மனுஷி, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த வீடு அது. நான்கு பக்கமும் சுவர். சமையல்கட்டில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். தப்புச் சத்தம் இல்லாமலே விடியுமுன் விழித்துக்கொள்வேன். எழுந்து எங்கே போவது? பீலி இல்லை, குழாய் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நடக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை சுளுவு, உடம்பு மட்டும் ஊறப்போட்ட துணி மாதிரி கனத்தது. தூக்கம் போயிற்று. விழித்துக் கிடந்து, அண்ணன் இந்நேரம் உள்ளே கதகதப்பாகப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு அங்கே இருந்த சுகம்.

அந்த வீட்டில் ஆள் உயரக் கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்று இருந்தது. லயத்தில் எங்களிடம் இருந்ததோ உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் நெற்றியைப் பார்த்தால் வாய் தெரியாது. தூசி தட்டுவதற்காக அந்த அறைக்குள் முதல் தடவை நுழைந்தபோது, எதிரே கையில் துணியோடு ஒரு பெண் வந்தாள். யாரோ உறவுக்காரி என்று ஒதுங்கி வழிவிட்டேன். அவளும் ஒதுங்கினாள். மறுபக்கம் ஒதுங்கினேன். அவளும் வந்தாள். பிறகுதான் உறைத்தது. என்னைப் பார்த்து நானே வழிவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். நாய்க்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது, எனக்கு என் முகம் தெரியவில்லை.

வெட்கம் போன பிறகு நின்று பார்த்தேன். சின்னப் பெண். கழுத்தெலும்பு தெரிகிறது. அண்ணன் வீட்டில் அத்தனை மாசமும் நான் ஏதோ மாடு நுழைந்த மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். இவ்வளவுதானா நான்? இந்த உடம்பு படுக்க ஒரு சுவரோரம் போதுமே! அலுமாரிக் கதவைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சில வாரம் கழிந்து, சாமான் வாங்க ஹட்டனுக்கு வந்த எங்கள் லயத்து ஆள் ஒருவர் கடை வாசலில் என்னைக் கண்டார். நலம் விசாரிப்பார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்க அண்ணனுக்கு நல்ல மானக்கேடு பண்ணிட்ட புள்ள" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காம்பராவிலிருந்து மூன்று பேர் செக்ரோலில் ஏறி ஒழுங்காக வேலைக்குப் போனால், லயத்தில் காலியாகக் கிடக்கும் இன்னொரு காம்பராவையும் அந்தக் குடும்பம் கேட்டு வாங்கலாம். நான் வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. என் பேர் ஏறியதிலிருந்து அண்ணன், பூட்டிக்கிடந்த அந்தத் தொங்கல் காம்பராவைக் கேட்டு நடையாய் நடந்திருக்கிறார். கண்டாக்கையா தருவதாகச் சொல்லியும் விட்டாராம். அந்த வாரத்தில்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

பேர் வெட்டுப்படாமல் இருக்க, தங்கச்சிக்குக் காய்ச்சல், படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று அண்ணன் பொய் சொல்லியிருக்கிறார். நான் எப்படியும் திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை. சில நாள் ஓடியது. பிறகு தோட்டத்து வைத்தியம் பார்க்கிற மருந்தையா காய்ச்சல்காரியைப் பார்க்க லயத்துக்கே வந்துவிட்டார். என் பாய் சுருட்டிக் கிடந்தது. மறுநாள் பெரட்டில் எல்லா ஆட்களுக்கும் முன்னால் கண்டாக்கையா அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தி, பொய்க்காரன் என்று ஏசினாராம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். தொங்கல் காம்பரா வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம், நல்ல மழை. அண்ணிக்கு மாசம் நிறைந்திருந்தது, வேலைக்குப் போகாமல் உள்ளே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பில் அண்ணனின் பாய் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. சாக்கு மறைப்பும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து மழையிலேயே நின்றுவிட்டேன்.

"ஏன் நனையுற? உள்ள வா" என்றாள் அண்ணி.

உள்ளே போய் நின்றேன். "அண்ணே இன்னமும் வெளியதான் படுக்கிறாரா?"

"வேற எங்க படுப்பாரு?"

"நா போயிட்டா உள்ள வந்து படுப்பாருன்னு நெனச்சேன் அண்ணி. அதுக்காகத்தான் போனேன்."

அண்ணி முறத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அட, பைத்தியக்காரப் புள்ள! எங்க கல்யாணம் ஆன வருசத்துலருந்து அவரு வெளியதானே படுக்கிறாரு. அடுப்புப் பொக அவரு நெஞ்சுக்கு ஆகாது. உள்ள படுத்தா மூச்சே வாங்க முடியாது. வெளிய சொன்னா சயரோகம்னு பேர் கட்டி, வேலையவிட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயம். அதான் யாருகிட்டயும் மூச்சு விடுறதில்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீ கேக்கலயே."

கேட்கவில்லைதான். உள்ளே படுங்கள் என்றுதான் சொன்னேன். ஏன் வெளியே படுக்கிறீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? பதில் எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

"அந்தக் காம்பராவப் பத்தி?" என்றேன்.

"அதையும் ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு. காம்பராவுக்காகத்தான் நம்மள வேலைக்குத் தாட்டி உடுறாங்கன்னு அவ நெனச்சுக்குவா, பாவம், கெடைக்கட்டும் அப்புறம் சொல்லிக்கலாம்னாரு." அண்ணி மறுபடி முறத்தை எடுத்தாள். "அதுல அடுப்பு வைக்க வேணாம், கதவச் சாத்திக்கிட்டு ஒரு மழைக்காலம் நல்லாப் படுப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. சரி, போனது போகுது. அங்க வந்திருக்கவங்களுக்கும் மூணு புள்ளைங்க. அவங்களுக்கும் எடம் வேணுமில்ல."

அதைச் சொல்லும்போது அண்ணியின் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அத்தனை மாசமும் இல்லாத குற்றத்துக்காக உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தேன். அதைக் கழுவப் போய், நிஜமாகவே ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு வந்து நின்றேன். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கக்கூடிய ஒரே இடம் என் பேரில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பேரை நானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அண்ணன் வேலை முடிந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். என்னைக் கண்டதும் வாசலில் நின்றார். கத்தியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வருவியா?" என்றார்.

"வர்றேன் அண்ணே. பேர் போடுவாங்களா?"

"கேட்டுப் பாக்குறேன்."

தலையைக்கூடத் துவட்டாமல் மழையில் திரும்பி இறங்கினார். தன்னைப் பொய்க்காரன் என்று ஊர் முன்னால் ஏசிய மனுஷனிடம்தான் போகிறார் என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவரைத் தடுக்கவில்லை. இருட்டின பிறகு வந்தார். "போடுறேன்னுட்டாரு" என்று மட்டும் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. அங்கே என்ன பேசினார், எப்படி நின்றார் என்று சாகும்வரை சொல்லவில்லை.

சாப்பிட்டோம். அண்ணன் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அண்ணி கதவைச் சாத்தினாள். அடுப்பில் தேயிலை மிளாறு விறகு கனன்றுகொண்டிருந்தது. என் சுவரோரத்தில், என் கம்பளிக்குள் படுத்தேன்.

காலையில் தப்புச் சத்தத்துக்கு எழுந்தபோது அண்ணி தேத்தண்ணியை நீட்டினாள்.

"ராவெல்லாம் ஒங்க அண்ணே இருமிக்கிட்டே கெடந்தாரு. ஒனக்கும் தூக்கம் இருந்திருக்காது, பாவம்" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றேன்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.